முத்துமாலைக்குக் கைமாறிய வீடு



பழைய வீடுகள் கடைகளாக மாறுவதைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். பல ஊர்களைத் தொட்டுச் செல்வதைவிட ஒரே வீட்டை எடுத்துக்கொண்டு, அதைக் கட்டியவர், விற்றவர், வாங்கியவர், மாற்றியவர் என்று அதன் வாழ்க்கையைப் பின்தொடர்வது பயன்படும் என்று எனக்குத் தோன்றியது. நான் எடுத்துக்கொண்ட வீடு நியூயார்க்கில் இருக்கிறது. ஐந்தாம் அவென்யூவும் 52ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், தென்கிழக்கு முனையில் நிற்கிறது. இன்று அது கார்ட்டியே நகைக்கடை. இவ்வளவு தொலைவிலிருந்து ஒரு வீட்டைக் கொண்டுவந்து உங்கள் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1917இல் அந்த வீடு ஒரு முத்துமாலைக்குக் கைமாறியது. முத்துக்கு இந்த உலகம் என்ன விலை கொடுத்தது, ஏன் கொடுத்தது, பிறகு ஏன் கொடுக்க மறுத்தது என்பது மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் வாழ்ந்த தமிழர்களின் வரலாறும்கூட. ஆகவே வீட்டின் கதையையும் முத்தின் கதையையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.

முதலில் தெரு. 1880களில் ஐந்தாம் அவென்யூவில் 50ஆம் எண்ணுக்கு மேற்பட்ட தெருக்களை ஒட்டிய பகுதி வாண்டர்பில்ட் குடும்பத்தின் பேட்டை. ரயில்பாதைகளால் பணம் சேர்த்த குடும்பம் அது. வில்லியம் ஹென்றி வாண்டர்பில்ட் 51ஆம் தெருவில் மாளிகை எழுப்பினார். அவருடைய மகன் வில்லியம் கிஸ்ஸம் 52ஆம் தெருவின் வடமேற்கு முனையில் பிரெஞ்சுக் கோட்டை வடிவில் ஒன்று கட்டினார். வடிவமைத்தவர் ரிச்சர்ட் மாரிஸ் ஹண்ட். 1883இல் அங்கு நடந்த மாறுவேட விருந்தைப் பற்றி அமெரிக்கச் சமூக வரலாறுகள் இன்றும் எழுதுகின்றன. இன்னும் வடக்கே, 57ஆம் தெருவில், மூத்த சகோதரர் கார்னிலியஸின் மாளிகை. இந்தக் குடும்பத்துக்கு ஒரே கவலைதான். தெற்கிலிருந்து கடைகள் மேலே ஏறி வந்துகொண்டிருந்தன. 1904இல் 55ஆம் தெருவில் செயின்ட் ரீஜிஸ் ஓட்டல் திறந்தது. 1906இல் 34ஆம் தெருவில் ஆல்ட்மன் என்ற பெரிய பல்பொருள் அங்காடி வந்தது. மாளிகைகளுக்கு நடுவே ஓட்டலும் கடையும் புகுந்தால் குடியிருப்பின் மதிப்பு போய்விடும் என்று அஞ்சினார்கள்.

அதனால் அக்கம்பக்கத்து மனைகள் விலைக்கு வரும்போதெல்லாம் தாங்களே வாங்கி, தங்களுக்குப் பிடித்தவர்களுக்கு விற்றார்கள். 52ஆம் தெருவின் தென்கிழக்கு முனை மனை அப்படித்தான் வில்லியம் கிஸ்ஸம் வாண்டர்பில்ட்டிடமிருந்து மார்ட்டன் பிளாண்ட் என்பவரிடம் போனது. விற்கும்போது ஒரு நிபந்தனை போட்டார்: 25 ஆண்டுகளுக்கு அந்த இடம் குடியிருப்பாகவே இருக்க வேண்டும், வியாபாரம் நுழையக்கூடாது.

மார்ட்டன் பிளாண்டின் தந்தை ஹென்றி பிளாண்ட், ஃபுளோரிடாவுக்கு ரயிலும் கப்பலும் விட்டு, டாம்பாவில் பெரிய ஓட்டல் கட்டியவர். மகனுக்குப் படகுகளில் ஆசை. கனெக்டிகட் கடற்கரையில், குரோட்டனில், அவர் கட்டிய பிரான்ஃபோர்டு இல்லம் இன்று ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. கனெக்டிகட்டில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கியபோது 10 இலட்சம் டாலர் கொடுத்தவர் இவர். அந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

குரோட்டன் வீட்டைக் கட்டிய ராபர்ட் கிப்சனையே நியூயார்க் வீட்டுக்கும் அழைத்தார் பிளாண்ட். கிப்சன் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆல்பனி நகரின் பேராலயத்தை வடிவமைத்துப் பெயர் பெற்றவர். 1903இல் தொடங்கி 1905இல் முடிந்தது இந்த வீடு. சுற்றியிருந்தவர்கள் பிரெஞ்சுக் கோபுரங்களும் கூரான கூரைகளும் வைத்துக் கட்டியபோது கிப்சன் இத்தாலிய மறுமலர்ச்சிக் கால நகர மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டார். எனக்கு இந்த வீட்டின் மீது மதிப்பு வருவது அந்த நிதானத்தால்தான்.

மனையின் குறுகிய பக்கம் அவென்யூவைப் பார்க்கிறது, நீண்ட பக்கம் 52ஆம் தெருவைப் பார்க்கிறது. கிப்சன் தலைவாசலை நீண்ட பக்கத்தில் வைத்தார். நான்கு பேர் போகும் பெருந்தெருவுக்கு முதுகைக் காட்டாமல், அதே நேரம் கதவையும் அதற்குத் திறந்துவைக்காமல், பக்கத்துத் தெருவில் வாசல் வைத்த குடியிருப்பு அது. வந்திறங்குபவர் வண்டியிலிருந்து இறங்கி உள்ளே போவதை அவென்யூவில் நடப்பவர் பார்க்க முடியாது. கீழ்த்தளத்தில் கற்கள் ஒவ்வொன்றுக்கும் இடையே ஆழமான கோடு விட்டு அடுக்கப்பட்டுள்ளன. அடிப்பகுதி கனமாகத் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்வது அது. வாசலுக்கு மேலே செதுக்குவேலை மிகுந்த தாங்கிகளின் மேல் ஒரு பால்கனி. அதற்கு மேல், நடுப்பகுதியில், இரண்டு தள உயரத்துக்கு எழும் வரியோடிய அரைத்தூண்கள் நான்கு. அவற்றின் தலைமேல் முக்கோண முகப்பு. உச்சியில் மாலைத் தோரணம் செதுக்கிய பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டைக்குள்ளேயே சின்னச் சின்ன ஜன்னல்களை ஒளித்து வைத்திருக்கிறார். மேலே ஒரு தளம் இருப்பது கீழிருந்து பார்ப்பவருக்கு உடனே தெரியாது. அதற்கும் மேலே கனத்த கொடுங்கை, சிறு தூண்கள் வைத்த கைப்பிடிச் சுவர்.

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த மேல்தளத்தைக் காட்டுவது நல்லது என்று நினைக்கிறேன். உயரத்தை மறைப்பது ஒரு திறமை. தளங்களை எண்ணிக் காட்டும் கட்டடங்கள் பெருகிவிட்ட காலத்தில், ஒரு தளத்தையே செதுக்குவேலைக்குள் மறைத்துவிட்டு, சுவரின் அளவுப் பொருத்தத்தைக் காப்பாற்றியிருக்கிறார் கிப்சன்.

25 ஆண்டு நிபந்தனை அதன் முழுக் காலமும் நிலைக்கவில்லை. கடைகள் வந்தன, ஓட்டல்கள் வந்தன, கூட்டம் வந்தது, மோட்டார் வண்டிகள் வந்தன. 1913இல் அமெரிக்காவில் கூட்டாட்சி வருமான வரி நிலைபெற்றது. பெரிய வீட்டைப் பணியாளர் படையோடு பராமரிப்பது அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் சுமையானது. அதே ஆண்டில் பிளாண்டின் முதல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு அவர் மேசி என்ற இளம்பெண்ணை மணந்தார். புது வாழ்க்கைக்குப் புது வீடு வேண்டும் என்று வெகு வடக்கே, 86ஆம் தெரு முனையில், சென்ட்ரல் பூங்காவைப் பார்த்தபடி மற்றொரு மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1916இல் பழைய வீட்டின் மீதிருந்த குடியிருப்பு நிபந்தனை தளர்ந்தது. நிபந்தனை போட்ட குடும்பமே, தெரு கைவிட்டுப் போய்விட்டதை ஒப்புக்கொண்டுவிட்டது.

இப்போது கார்ட்டியே. பாரிஸில் 1847இல் தொடங்கிய நகைக்கடை. நிறுவியவரின் பேரன்கள் மூவர் உலகைப் பங்கிட்டுக்கொண்டார்கள். லூயி பாரிஸைப் பார்த்துக்கொண்டார், ழாக் லண்டனை. பியர் 1909இல் நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூ 712ஆம் எண்ணில் கடை திறந்தார். நல்ல இடம்தான், ஆனால் வாடகை இடம். பியருக்குச் சொந்த வீடு வேண்டியிருந்தது. அவரிடம் அப்போது ஒரு முத்துமாலை இருந்தது. இரண்டு சரம், ஒன்றில் 55 முத்து, மற்றொன்றில் 73 முத்து. விலை 10 இலட்சம் டாலர். மேசி பிளாண்ட் அந்த மாலையின் மீது மனம் வைத்தார். பிளாண்டின் வீட்டின் மதிப்பும் ஏறத்தாழ அதே தொகைதான். மாலையும் நூறு டாலர் பணமும் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம் என்று ஒப்பந்தம் முடிந்தது.

இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு பெண்ணின் ஆசைக்கு ஒரு மாளிகையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. 1917இல் அது ஈடுக்கு ஈடான பேரம். ஏன் என்று புரிந்துகொள்ள, அன்றைய முத்துச் சந்தைக்குள் போக வேண்டும்.

1860களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்தது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் சுரங்கங்கள் வைரத்தைக் குவித்தன. பணமுள்ள எவரும் வைரம் வாங்கலாம் என்ற நிலை வந்தது. முத்தை அப்படித் தோண்டி எடுக்க முடியாது. ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்தால் விலைபோகும் முத்து ஒன்றோ இரண்டோ கிடைக்கும். அதில் உருண்டை, நிறம், ஒளி மூன்றும் கூடியது அரிது. அப்படிப்பட்டவற்றில் ஒன்றுக்கொன்று பொருந்தி, நடுவில் பெரிதாய்த் தொடங்கி இரு பக்கமும் சீராகச் சிறுத்துச் செல்லும் 73 முத்துகளைச் சேர்க்க, பல பருவங்களின் விளைச்சலைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். ஆகவே முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நகைகளில் முதலிடம் முத்துச்சரத்துக்கு. ழாக் கார்ட்டியே 1911இல் டெல்லி தர்பாரை ஒட்டி இந்தியா வந்து, அடுத்த ஆண்டு பாரசீக வளைகுடாவுக்குப் போய்ப் பஹ்ரைனின் முத்து வணிகர்களைச் சந்தித்தது இந்தத் தேவைக்காகத்தான்.

பாரசீக வளைகுடா ஒன்று, மன்னார் வளைகுடா மற்றொன்று. கீழ்த்திசை முத்து என்று ஐரோப்பா அழைத்தது இந்த இரண்டு கடல்களின் விளைச்சலைத்தான். பிளாண்டின் வீடு கட்டி முடிந்த அதே 1905ஆம் ஆண்டில், இலங்கையின் வடமேற்குக் கரையில் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், எடுத்த சிப்பிகள் 8 கோடிக்கு மேல். அதற்கு முன்பும் பின்பும் அப்படியொரு விளைச்சல் அங்கே இல்லை. வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்காக ஓலையால் ஒரு நகரமே எழுந்தது. அரசு அலுவலகம், மருத்துவமனை, கடைத்தெரு, நீதிமன்றம் என எல்லாம் ஓலைக்குள். தூத்துக்குடிப் பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள், மலபார்க் குளியாளர்கள், அரபுக் குளியாளர்கள் எல்லோரும் வந்தார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி இறங்கி, மூச்சடக்கிச் சிப்பியைப் பையில் வாரி, கயிற்றை அசைத்தால் மேலே தோணியிலிருக்கும் மண்டக்கு இழுத்துவிடுவார். எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு அங்கேயே ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பிரித்தெடுப்பார்.

பிரித்த முத்தை மதிப்பிடுவதில் தமிழ் வணிகர்களுக்கு நுட்பமான முறை இருந்தது. துளைகளின் அளவு படிப்படியாக மாறும் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். பிறகு ஆணி என்று தொடங்கித் தூள் வரை தரம் பிரிப்பார்கள். கழஞ்சிலும் மஞ்சாடியிலும் நிறுத்து, செவ்வு என்ற கணக்கில் விலை போடுவார்கள். செவ்வுக் கணக்கின் சாரம், எடையை எடையாலேயே பெருக்குவது. அதாவது ஒரு முத்து மற்றொன்றைவிட இரு மடங்கு எடையென்றால் விலை நான்கு மடங்கு. மூன்று மடங்கென்றால் ஒன்பது மடங்கு. பாரிஸிலும் நியூயார்க்கிலும் முத்து விற்றவர்களும் எடையின் வர்க்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பெரிய முத்துகள் கொண்ட சரம் ஒன்று மாளிகையின் விலையை எட்டியது இந்தக் கணக்கின்படிதான். பிளாண்ட் மயங்கிப்போய்க் கையெழுத்திடவில்லை. வியாபாரியின் மகன் அவர். தெருவே மாறிப்போன ஓர் இடத்தில் தனக்கு வேண்டாத வீட்டைக் கொடுத்து, உலகச் சந்தையில் அன்று உறுதியான விலையுள்ள ஒரு பொருளை வாங்கினார்.

இனி வீட்டுக்குத் திரும்புவோம். வீட்டைக் கடையாக்கும் வேலையைப் பியர் கார்ட்டியே வில்லியம் வெல்ஸ் பாஸ்வொர்த்திடம் கொடுத்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கேம்பிரிட்ஜ் வளாகத்தை அப்போதுதான் கட்டி முடித்திருந்தார் பாஸ்வொர்த். பிற்காலத்தில் வெர்சாய் அரண்மனையைப் புதுப்பிக்கும் பணியை மேற்பார்த்தவரும் அவரே. அவர் செய்த மாற்றங்களில் இரண்டைச் சொல்கிறேன். 52ஆம் தெருவில் இருந்த தலைவாசலின் முதன்மையை எடுத்து, அவென்யூப் பக்கம் நுழைவாயில் திறந்தார். கீழ்த்தளத்தின் கனத்த கற்களுக்கு நடுவே, சுவரின் ஒழுங்குக்கு அடங்கியபடி, காட்சி ஜன்னல்களை அமைத்தார். மேல்தளங்களின் வெளிச்சுவரில் பால்கனி, அரைத்தூண், முக்கோண முகப்பு, கொடுங்கை எதிலும் கை வைக்கவில்லை.

வாசலைத் திருப்பியது சின்ன விஷயமில்லை. ஒரு வீடு தன் கதவை எந்தத் தெருவுக்குத் திறக்கிறது என்பதில் அது யாரை உள்ளே விடுகிறது என்பது அடங்கியிருக்கிறது. பக்கத் தெருவில் ஒதுங்கியிருந்த கதவு பெருந்தெருவுக்கு வந்ததும், அந்த வீட்டுக்கு நகரத்தில் யாரும் உள்ளே வரலாம் என்ற நிலை ஏற்பட்டது. 1969இல் ரிச்சர்ட் பர்ட்டன் எலிசபெத் டெய்லருக்காக ஒரு பெரிய வைரத்தை வாங்கினார். ஏலத்தில் அதை எடுத்திருந்த கார்ட்டியே, அவருக்கு விற்றபோது சில நாள் தன் கடையில் வைத்துக் காட்ட அனுமதி பெற்றது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். மார்ட்டன் பிளாண்ட் குடியிருந்த காலத்தில் அந்த வரிசையில் நின்ற எவருக்கும் அந்த வீட்டின் படியேற வாய்ப்பு இருந்திருக்காது.

பாஸ்வொர்த் ஏன் இவ்வளவு அடக்கமாக மாற்றினார்? அவருடைய ரசனை ஒரு காரணம்தான். பெரிய காரணம் நகை வியாபாரத்தின் தன்மை. விலையுயர்ந்த நகை தெருவில் நின்று வாங்கும் பொருளில்லை. உட்கார வேண்டும், பேச வேண்டும், கழுத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், வீட்டாரைக் கலக்க வேண்டும். நம்மிடமும் ஆசாரி வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்து நகை பேசியதும், நகைக்கடைகளில் மெத்தை விரித்துத் திண்டு போட்டிருந்ததும் இந்தத் தேவையால்தான். கார்ட்டியேக்கு வேண்டியது வரவேற்பு அறைகளும் படிக்கட்டும் மாடியில் தனி அறைகளும். அவையெல்லாம் ஒரு மாளிகையில் முன்பே இருந்தன. வாங்க வந்தவர் விருந்தாளியாக உணர வேண்டுமென்றால் கடை வீடாகவே தெரிய வேண்டும். ஆக, வெளித்தோற்றத்தைக் காப்பது அந்த வியாபாரத்துக்கு லாபமாக இருந்தது.

நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். அந்தத் தெருவில் கடைசிவரை வீடாகவே இருந்த மாளிகைகள் என்ன ஆயின என்று பாருங்கள். எதிர்முனையில் வில்லியம் கிஸ்ஸம் வாண்டர்பில்ட் கட்டிய பிரெஞ்சுக் கோட்டை 1920களின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டது. 57ஆம் தெருவில் கார்னிலியஸின் மாளிகையும் அதே ஆண்டுகளில் போனது. அந்த இடத்தில் பெர்க்டார்ஃப் குட்மன் பல்பொருள் அங்காடி எழுந்தது. 51ஆம் தெருவின் மாளிகை 1940கள் வரை தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் இல்லை. பிளாண்ட் வீட்டுக்குத் தெற்கே வாண்டர்பில்ட்கள் கட்டிய இரட்டைக் கல் வீடுகளில் ஒன்று அங்காடிக்காக இடிந்தது. கடைகளின் கைக்கு மாறிய மற்றொன்று, 647ஆம் எண், இன்னும் நிற்கிறது. பிளாண்ட் தன் புது வாழ்க்கைக்காக 86ஆம் தெருவில் ஆசையாகக் கட்டிய மாளிகைகூட இன்று கிடையாது. அதில் அவர் அதிக நாள் வாழவுமில்லை. 1918 நவம்பரில் காலமானார். வேண்டாமென்று கொடுத்துவிட்ட வீடுதான் எஞ்சியிருக்கிறது.

எல்லாப் பழைய வீட்டையும் கடையாக்குங்கள் என்று இதிலிருந்து யாரும் பொருள் கொள்ள வேண்டாம். பெர்க்டார்ஃப் குட்மனும் கடைதான். அதற்கு மனை தேவைப்பட்டது, மாளிகை தேவைப்படவில்லை. அதனால் மாளிகை போனது. கார்ட்டியேக்கு மாளிகையே தேவைப்பட்டது, அதனால் பிழைத்தது. வரும் வியாபாரத்துக்கு அந்த வீட்டின் எந்தப் பகுதி பயன்படும் என்பதைப் பொறுத்தே வீட்டின் தலையெழுத்து அமைகிறது.

பயன்படாத பகுதிகள் போய்விடும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் வாழ்ந்ததற்கான தடயங்கள் கடைக்குத் தேவையில்லை. சமையலறை, பணியாளர் ஏறி இறங்கிய படிகள், துணி வெளுத்த இடம், பிள்ளைகளின் அறைகள் எதற்கும் நகைக்கடையில் வேலை கிடையாது. முகப்பைப் பார்த்து 1905ஆம் ஆண்டின் பணக்காரரின் பெருமையை நாம் படித்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் உழைத்தவர்களைப் பற்றி முகப்பு எதுவும் சொல்லாது. வணிகம் காப்பாற்றிய வீடுகள் எல்லாவற்றிலும் இந்தக் குறை இருக்கிறது. அது எனக்கு வருத்தமான விஷயம்தான். சமையல்கட்டை இழந்த வீடு பாதி வரலாற்றை இழந்த வீடு என்றே கருதுகிறேன்.

முத்துக்கு என்ன நேர்ந்தது? ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி 1893இல் அரைக்கோள வடிவ முத்தைச் சிப்பிக்குள் வளர்த்துக் காட்டினார். முழு உருண்டையாக வளர்த்த முத்து 1921 வாக்கில் லண்டன், பாரிஸ் சந்தைகளுக்கு வந்தது. வெளிப்பார்வைக்கு வேறுபாடு கிடையாது. நீதிமன்ற வழக்குகள், விஞ்ஞானிகளின் சாட்சியம், வணிகர்களின் பதற்றம் என்று சில ஆண்டுகள் ஓடின. 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இயற்கை முத்தின் விலை எழுந்திருக்கவில்லை. பாரசீக வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாகக் குளித்துப் பிழைத்த ஊர்கள் வறுமையில் விழுந்தன.

மன்னாரில் முடிவு அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1905இன் விளைச்சலைக் கண்டு மயங்கிய லண்டன் முதலீட்டாளர்கள் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, 1906இல் இலங்கை அரசிடம் முத்துப் பார்களை, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளை, 20 ஆண்டு குத்தகைக்கு எடுத்தார்கள். 1907க்குப் பிறகு பார்கள் வெறிச்சோடின. 1912இல் கம்பெனி கலைக்கப்பட்டது. நம் கரையில் தூத்துக்குடியில் விட்டுவிட்டுச் சலாபங்கள் நடந்தன. 1955இல் தொடங்கிய வரிசை 1961இல் முடிந்தது. அதற்குப் பின்னர் அங்கே அரசு நடத்திய சலாபம் இல்லை. 1973இல் தூத்துக்குடியில் நம் கடல்மீன் ஆராய்ச்சியாளர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். அது தனிக் கதை.

மேசி 1956இல் இறந்தார். மாலையை அதுவரை வைத்திருந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஏலம் விட்டபோது 1,51,000 டாலர் கிடைத்தது. அவருடைய பழைய வீடு நின்ற மனையின் மதிப்போ 1917இல் இருந்ததைவிட உயர்ந்திருந்தது. இதைக் கேட்டுத்தான் பலரும் பேரத்தில் ஏமாந்தவர் யாரென்று தீர்ப்புச் சொல்கிறார்கள். கடலுக்கடியில் மூச்சடக்கும் மனிதர்களை நம்பியிருந்த ஒரு பொருளின் விலையை ஆய்வகம் ஒன்று உடைத்துவிடும் என்று 1917இல் எந்த நகை வியாபாரிக்கும் தெரியாது. பியருக்கும் தெரியாது. அவருடைய கடையின் முதன்மைச் சரக்கே அன்று முத்துதான்.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1963இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது நியூயார்க் மக்கள் கொதித்துப்போனார்கள். அதன் விளைவாக 1965இல் மரபுச் சின்னங்களைக் காக்கும் நகரச் சட்டம் வந்தது. 1970இல் பிளாண்ட் வீடு அதன் கீழ் அறிவிக்கப்பட்டது. சட்டம் வந்தபோது காக்க ஒரு வீடு மிச்சமிருந்தது என்றால், நடுவிலிருந்த ஐம்பது ஆண்டுகளில் அதைக் காத்தது ஒரு கடையின் சுயநலம். உட்புறங்களைச் சின்னமாக அறிவிக்கும் அதிகாரம் 1973இல்தான் சேர்ந்தது. பின்பு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, தியெரி டெஸ்பான் என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் உள்ளே பெரிதாக மாற்றியமைத்து 2016இல் திறந்தார்கள். கடை மேல்தளங்களுக்கும் விரிந்தது. தெற்கே, இரட்டை வீடுகளில் ஒன்றை இடித்துக் கட்டிய அங்காடியும் பிறகு இடிந்துபோன இடத்தில், 51 தளங்கள் கொண்ட ஒலிம்பிக் கோபுரம் 1970களிலிருந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் கிப்சனின் கொடுங்கை இன்னும் தன் அளவிலேயே இருக்கிறது.

நம் கடைத்தெருக்களிலும் இந்த மாற்றம் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. திண்ணையை உடைத்து ஷட்டர் போடுகிறார்கள், முற்றத்தின் மேல் தகரம் வேய்கிறார்கள், முகப்பை மறைத்துப் பெரிய பலகை மாட்டுகிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் வாடகைக்கு வந்தவர் போய்விடுவார். அடுத்து வருபவருக்கு உடைந்த திண்ணைதான் கிடைக்கும். இப்படி இரண்டு மூன்று கை மாறிய பிறகு, இதில் காக்க என்ன இருக்கிறது என்று சொந்தக்காரரே இடிக்கச் சம்மதித்துவிடுகிறார்.

இந்த அவையில் அப்படிப்பட்ட வீடுகளின் சொந்தக்காரர்கள் சிலரும் இருப்பீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாடகைக்குக் கேட்டு வருபவரிடம் முன்பணத்தைப் பேசுவதற்கு முன், என்ன வியாபாரம், அதற்கு வீட்டின் எந்தப் பகுதி வேண்டும், எந்தச் சுவரில் கை வைப்பார் என்று கேளுங்கள். பட்டு, புத்தகம், நகை, சாப்பாடு, மருந்து போன்ற வியாபாரங்களுக்குத் திண்ணையும் முற்றமும் பயன்படும். உட்கார இடமும் வெளிச்சமும் வேண்டிய தொழில்கள் அவை. வெறும் தரைப்பரப்பு மட்டும் கேட்பவருக்கு வீட்டைக் கொடுக்கவே வேண்டாம். வாடகை சற்றுக் குறைந்தாலும் முதல் வகையினருக்கே கொடுங்கள். கொடுக்கும்போது வாசல், முற்றம், கூரை மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது, போகும்போது எந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கையெழுத்திடும் நாளில் ஒவ்வொரு அறையையும், சமையல்கட்டையும் விடாமல், அளந்து படமெடுத்து அந்த ஒப்பந்தத்தோடு இணைத்து வையுங்கள். இதற்கு எந்த அரசாணையும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.